உள்ளே இருப்பது மாமிக்குத் தெரியும்

விமான நிலையத்தில் பயணிகளின் உடம்பைச் சுற்றித் தடவுகிற அந்தக் கறுப்புத் தடி, உலோகத்தையல்ல, பயத்தைத்தான் கண்டுபிடிக்கிறது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். சொன்னவன் என் கூட்டாளி மகேசன். என்னைப் போலவே விமானத்தில் கப்டனுக்குப் பக்கத்து இரண்டாவது ஆசனத்துக்காரன்.

"பயந்தவன்ரை மேலிலை ஒரு சின்ன மின்சாரம் ஓடும் மச்சான். தடி அதைப் பிடிச்சுத்தான் கத்துது" என்றான்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் படித்தவன் நான். மின்சுற்றுப் படத்தைப் பார்த்துப் பிழை எங்கே என்று சொல்லத் தெரிந்தவன். இருந்தும் நம்பினேன். ஏனென்றால் தடி ஒவ்வொரு முறையும் என்னைக் கண்டு கத்தியது. நானும் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் நின்றேன். விஞ்ஞானத்துக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காது பழுதாகி, வைத்தியர் என்னை நிலத்தில் இறக்கிவிட்ட பிறகு, இப்போது பறக்கிற பெடியள் சிலர் உரும்பிராயில் என் வீட்டுக்கு வந்து என்னிடம் முறைப்பாடு சொல்லுகிறார்கள். "அண்ணை, தொப்பியும் தோள்பட்டியுமா நிக்கிறம். எங்களையும் கையைத் தூக்கச் சொல்லித் தடவினம். இது மரியாதையோ?" என்கிறார்கள். தூக்குங்கோ என்கிறேன். கையைத் தூக்குவது பெரிய காரியமல்ல. தூக்கிய பிறகு நடப்பதுதான் காரியம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விமானியான கதை நீளமில்லை. ஐயா பருத்தித்துறையில் தண்டையல். பாய்க்கப்பலைக் காற்றில் பிடித்து அக்கரைக்கு ஓட்டியவர். எனக்குக் கடலில் வயிற்றைப் பிரட்டும். ஆகவே வானத்துக்குப் போனேன். கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானை விமானத்தளத்தில் முதலில் கிறீஸ் துடைத்தேன், பிறகு படித்தேன், பிறகு டக்கோட்டா விமானம், பிறகு அவ்றோ. இவ்வளவுதான்.

சிக்கல் கல்யாணத்தோடு தொடங்கியது. சீதன வீடு உரும்பிராயில். மனைவி உடுவிலில் படிப்பிக்கிறவ. கொழும்புக்கு வரமாட்டேன் என்றுவிட்டா. "உங்கடை கொழும்பிலை குழாயைத் திறந்தா மருந்து மணக்குது. நான் கிணத்துத் தண்ணியை விட்டிட்டு வரமாட்டன்" என்பது அவவின் கடைசித் தீர்ப்பு. எனக்கு வேலை இரத்மலானையில். ஆகவே மற்றவர்கள் கந்தோருக்கு பஸ்ஸில் போவதுபோல் நான் பலாலி வீதியில் பஸ் ஏறி, எங்கள் ஊர் விமானத்தளத்தில் இறங்கி, காலி ஆசனம் இருந்தால் விமானத்தில் பயணியாக இரத்மலானைக்குப் போய், அங்கேயிருந்து வேறொரு விமானத்தை ஓட்டினேன். வேலைக்குப் போவதற்கே பறந்தேன்.

ஆரம்பத்தில் நான் எங்கள் விமானத்தளத்துக்குள் நுழைவது கல்யாண வீட்டுக்குள் பெண்ணின் தாய்மாமன் நுழைவது போலிருக்கும். ஒரு கையில் தொப்பி, மற்றக் கையில் முருங்கைக்காய்க் கட்டு. பிறகு எங்கோ தூர தேசங்களில் யாரோ விமானங்களைக் கடத்தினார்கள். அதற்காக இங்கே என் முருங்கைக்காயை அவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சோதனைக்கு வந்தவர் செல்லத்துரையர். சாவகச்சேரி ஆள். பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத காக்கிக் களிசான், ஒருநாளும் உயராத குரல். அவரைப் போல மரியாதையாக மனிதரை அவமானப்படுத்தக்கூடிய வேறொருவரை நான் கண்டதில்லை.

முதல் நாள் நான் நேரே நடந்தேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, ஆர்?"

"அண்ணை, நான் பைலட்."

"நல்லது. உந்தப் பிளேனை நீரோ ஓட்டப் போறீர்?"

"இல்லை. இரத்மலானையிலை நிக்கிற பிளேன்."

"அப்ப உந்தப் பிளேனுக்கு நீர் பசெஞ்சர். பையைத் திறவும்."

பைக்குள் நகம் வெட்டி இருந்தது. அதில் ஒரு சின்ன அரம், ஒரு சின்னக் கத்தி. அவர் அதை விரித்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றேன். "நான் போய் ஓட்டப் போற பிளேனிலை, என்ரை சீற்றுக்குப் பின்னாலை ஒரு கோடாலி தொங்குது. அவசரத்துக்குக் கதவை வெட்ட. அதை என்னட்டைத் தந்திருக்கினம். இந்த நகம் வெட்டியை வைச்சு நான் என்ன செய்யப் போறன்?"

"அது பிளேன்ரை கோடாலி தம்பி. இது உம்மடை கத்தி."

நகம் வெட்டி அவருடைய மேசைக்குப் போனது.

அந்தக் காலத்து ஒழுங்கு இதுதான். பயணியிடம் எடுத்த பொருளை ஒரு கடித உறையில் போட்டு, பெயரும் பொருளும் எழுதி, அரக்கு வைத்து ஒட்டி, அந்த விமானத்தின் கப்டனுடைய கையில் கொடுக்க வேண்டும். இறங்கிய பிறகு கப்டன் திருப்பித் தருவார். அன்றைய கப்டன் என்னோடு ஒன்றாகச் சாப்பிடுகிற மனிதர். இரத்மலானையில் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, இறங்கிய சனம் எல்லாம் கேட்க, "ஆயுததாரி ஆர்? கையைத் தூக்கும்!" என்று கூப்பிட்டு என் நகம் வெட்டியைத் தந்தார். ஒரு கிழவி என்னைப் பார்த்து விலகி நடந்தா.

பிறகு அந்தத் தடி வந்தது. செல்லத்துரையரைக் கொழும்புக்குக் கூப்பிட்டு அதைப் பிடிக்கப் பழக்கியனுப்பியிருந்தார்கள். அவர் அதை அபிஷேகக் குடம் போல இரண்டு கையாலும் ஏந்துவார். தோளில் தொடங்கி மெல்ல இறக்கிக்கொண்டு வருவார். இடுப்புக்கு வந்ததும் அது கீச்சென்று கத்தும். "பெல்ற்றின்ரை கொழுக்கி" என்று அவரே சொல்லி என்னை விட்டுவிடுவார். எனக்கல்லவோ தெரியும் அது பயமென்று! வரிசையில் நிற்கும்போதே நான் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பசு ஒன்று புல்லு மேய்வதை நினைத்துப் பார்த்தேன். தடி பசுவையும் கண்டு கத்தியது.

இனிக் கப்டன் சவிரிமுத்துவைச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லாருக்கும் மேலான தலைமை விமானி அவர்தான். குருநகர் ஆள். கடற்கரையில் பிறந்தவர்களின் அகன்ற தோள், பெரிய உள்ளங்கை. ஆனால் வாயில் இருந்து சொல் வருவது அருமை. யாரையும் ஏசமாட்டார். ஒருவன் பிழை விட்டால் "அப்பிடியோ?" என்பார். பெரிய பிழை விட்டால் அதுவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முகிலுக்குள் தன் சொந்தக்காரர் யாரோ நிற்பதுபோல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைக் கண்டவன் அன்றிரவு சோறு தின்னமாட்டான்.

நான் கப்டனாகிறதா, சாகும்வரை இரண்டாவது ஆசனத்திலேயே இருந்து விமானத்தின் சில்லைத் தூக்குகிறதா என்பது அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது. ஒருமுறை சோதனைப் பறப்புக்குப் போய்த் தவறிவிட்டேன். இரண்டாம் முறையும் தவறினால் மூன்றாம் முறை கிடையாது. அதோடு எங்களுக்குள் ஒரு கதை உலவியது. இன்னொரு விமானி, நல்லாக ஓட்டக்கூடியவன், ராகுகாலம் கழியட்டும் என்று எஞ்சினைத் தொடக்கப் பிந்தினான். சவிரிமுத்தர் அவனுடைய பெயரை அன்றைக்கே வெட்டினார். "ஐசே, வானத்திலை நம்புறதுக்கு எண்ணெயும் செக்லிஸ்ற்றும் இருக்கு. வேறை ஏதும் வேணுமெண்டா கீழை இரும்" என்றாராம். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்றும் சொன்னார்கள்.

எனது இரண்டாவது சோதனைக்கு ஒரு நாள் குறித்தார்கள். பின்னேரம் இரத்மலானையில் பறப்பு. அதற்கு முந்திய கிழமைதான் எங்கள் பழைய காரை உரும்பிராய்ச் சந்தியில் தள்ளப் போய் நாரி பிடித்து, அதைச் சொல்லி லீவு கேட்டு அனுப்பி, இரண்டு நாள் வீட்டில் கிடந்திருந்தேன். ஆனாலும் அன்று காலை உடம்பு சுகமாயிருந்தது. மாமி கறிவேப்பிலை போட்டுத் தந்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். விமானத்தளத்தில் விசாரித்தால், காலை விமானத்தைக் கொண்டுவந்திருக்கும் கப்டன் வேறு யாருமல்ல, சவிரிமுத்தர்தான். திரும்பிப் போகும் விமானத்துக்கும் அவரே.

செல்லத்துரையர் தடியோடு வந்தார். இடுப்பில் கத்தியது.

"பெல்ற்றைக் கழட்டும் தம்பி. இப்ப அப்பிடித்தான் சட்டம்."

கழற்றினேன். மறுபடியும் கத்தியது. பயம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு பசுவை நினைத்தேன்.

"இடுப்பிலை என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாததுக்குக் கத்தாது." திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "சேட்டைத் தூக்கும்."

தூக்கினேன். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். கறுப்புக் கயிற்றில், வெள்ளியில் செய்த, சுண்டுவிரல் அளவு குழாய் ஒன்று. இரண்டு முனையும் அரக்கால் அடைத்திருந்தது. என் அச்சரக்கூடு, மந்திரித்த தாயத்து! கல்யாணம் முடிந்த கிழமை மாமி கட்டிவிட்டது. "மருமகன் வானத்திலை போறவர். இது இடுப்பை விட்டுப் போகப்படாது" என்று சொல்லிக் கட்டினா. முதலில் சிரித்தேன். பிறகு பழகிப்போனது. பிறகு, உண்மையைச் சொன்னால், எஞ்சினைத் தொடக்குமுன் அதை ஒருமுறை சட்டைக்கு மேலாகத் தொடாமல் எனக்குக் கை ஓடாது. ஆனால் அது உலோகம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. கொப்பூழை யாராவது கணக்கில் எடுப்பார்களோ?

ஆக, தடி இவ்வளவு நாளும் என் பயத்தைக் கண்டு கத்தவில்லை. அது தெரிந்ததும்தான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

செல்லத்துரையர் ஒரு அடி பின்னுக்குப் போனார். கொழும்பில் பழக்கியபோது வெடி மருந்துக்கு நெருப்பு மூட்டுகிற குழாயின் படத்தைக் காட்டியிருந்தார்களாம். அதுவும் சுண்டுவிரல் அளவுதானாம்.

"உதுக்குள்ளை என்ன இருக்கு?"

"தெரியாது அண்ணை."

"உம்மடை இடுப்பிலை கிடக்கிற சாமான். உள்ளுக்கு என்ன எண்டு உமக்குத் தெரியாது?"

"மாமிக்குத் தெரியும்."

"மாமி எங்கை?"

"உரும்பிராயிலை."

அவர் தடியைக் கீழே வைத்தார். "அச்சரக்கூடு எண்டு எனக்கும் விளங்குது. திறந்தால் அதின்ரை சக்தி போயிடும். திறக்கச் சொல்லுற பாவத்தை நான் செய்யமாட்டன். ஆனா திறந்து பாக்காமல் விடவும் ஏலாது. அப்ப கப்டனிட்டைத்தான் குடுக்கவேணும்."

"ஐயோ அண்ணை! கப்டனிட்டை வேண்டாம். இஞ்சை உங்கடை மேசை லாச்சியிலை கிடக்கட்டும். நான் திரும்பி வந்து எடுக்கிறன்."

"சொந்தக்காரன் இல்லாத சாமானை இஞ்சை வைச்சிருக்க ஏலாது."

"எறிஞ்சு விடுங்கோ."

"சாமி சாமானை எறியச் சொல்லுறீரோ?" அந்த மனிதருக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது.

நான் கயிற்றை அவிழ்த்தேன். பதினொரு வருடம் இறுகிய முடிச்சு, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. அவர் உறையை எடுத்து, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "வெள்ளிக் குழாய், ஒண்டு. உள்ளடக்கம்..." பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்: "மாமிக்குத் தெரியும்."

விமானத்தில் ஏறி, சன்னல் ஓரத்தில் இருந்தேன். செல்லத்துரையர் வெயிலில் நடந்து வந்து விமானத்தின் மூக்கடியில் நின்றார். மேலே கண்ணாடியைத் திறந்து சவிரிமுத்தரின் தலை வெளியே வந்தது. இவர் ஏதோ சொன்னார். அவர் ஏதோ கேட்டார். பிறகு நான் வாழ்நாளில் காணாத ஒன்றைக் கண்டேன். சவிரிமுத்தர் சிரித்தார்.

சரி, பெயரை வெட்டியாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்தா. "கப்டன் உங்களை முன்னுக்கு வரட்டாம்."

போனேன். சவிரிமுத்தர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாரும் ஐசே. நாரி எப்பிடி?"

எங்கள் ஊரில் நாரி என்றால் இடுப்புத்தான்.

"ப... பரவாயில்லை சேர்."

"கட்டியிருந்ததை அவிட்டாச்சோ?"

"அவிட்டாச்சு சேர். காலமைதான்."

"ஆர் கட்டி விட்டது?"

"மாமி."

"அப்பிடியோ." தலையை ஆட்டினார். "உந்த மனிசியளுக்கு ஒரு நம்பிக்கை. கட்டிவிட்டாக் காணும், எல்லாம் சரியெண்டு. உள்ளுக்கு என்னத்தை வைச்சுக் கட்டினவ?"

"அது மாமிக்குத்தான் தெரியும் சேர்."

பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவன் பலமாகச் சிரித்தான். சவிரிமுத்தர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். முகிலுக்குள் அவருடைய சொந்தக்காரர் எல்லாரும் நின்றிருக்க வேண்டும்.

"பின்னேரம் அது இல்லாமல் சமாளிப்பீரோ?"

"சமாளிப்பன் சேர்."

"பாப்பம்."

என் ஆசனத்துக்குத் திரும்பி வந்து, இனி இரண்டாவது ஆசனத்தில் இருந்தபடியே கிழவனாகப் போகிறவன் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். உரும்பிராயில் வெங்காயம் நடலாம். மகேசனை அடிக்கலாம்.

பின்னேரம் ஒரு வெறும் அவ்றோவில் நானும் அவரும் ஏறினோம். இந்தமுறை கப்டனுடைய இடதுபக்க ஆசனத்தில் நான். எஞ்சினைத் தொடக்குமுன் என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அவர் அதைக் கண்டார். "நோகுதோ?" என்றார். அதை நான் குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன்.

தரையை விட்டு எழும்பி, சில்லுகள் மடியுமுன்னே அவருடைய பெரிய கை நீண்டு இடது எஞ்சினின் விசையைக் குறைத்தது. சோதனையில் எல்லாருக்கும் நடப்பது இதுதான். ஒரு எஞ்சின் செத்ததாகக் கணக்கு. விமானம் செத்த பக்கம் திரும்பப் பார்க்கும். மற்றக் காலால் சுக்கானை அழுத்தி நேரே பிடிக்க வேண்டும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது என்று உறுதி செய்த பிறகே அதன் விசிறியை நிறுத்தக் கை போகவேண்டும். அவசரத்தில் உயிருள்ள எஞ்சினை நிறுத்தியவர்களும் உண்டு. முதல்முறை நான் தவறியது இங்கேதான். எஞ்சின் குறைந்ததும் கை முதலில் இடுப்புக்குப் போனது. அதற்குள் விமானம் ஒருபக்கம் சரிந்துவிட்டது.

இந்தமுறை கை போகவில்லை. போய் என்ன? கூடும் இல்லை, பதவியும் இல்லை. வலது காலால் மிதித்தேன். இடது கால் சும்மா கிடந்தது. இடது எஞ்சின் என்று வாய்விட்டுச் சொன்னேன், அவர் ஓம் என்றார், நிறுத்தினேன். கடலுக்கு மேலாகச் சுற்றி வந்து, ஒரு எஞ்சினிலேயே இறக்கினேன். விமானம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை.

அவர் எழுதத் தொடங்கினார். பேனை என் பெயரைத்தான் வெட்டுகிறது என்று நினைத்தேன். பயந்தவனின் வாய் தானாகத் திறக்கும் என்று மகேசன் சொல்லியிருந்தால், அது உண்மையாக இருந்திருக்கும்.

"சேர், எனக்கு உதிலை நம்பிக்கையில்லை. மாமி மனவருத்தப்படுவா எண்டுதான் கட்டினனான்."

"எதை?"

"நாரியிலை கட்டினதை."

"அதுக்கென்ன ஐசே? நாரிப்பிடிப்பெண்டா ஆரும் நொச்சி இலையை வைச்சுக் கட்டுறதுதானே. போன கிழமை நீர் லீவு கேட்டனீர்தானே?"

என் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பிற்காலத்தில் பழுதான காது அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும்.

"அச்சரக்கூடு சேர்" என்றது என் வாய். நான் சொல்லவில்லை.

"என்ன அச்சரக்கூடு?"

"செல்லத்துரை அண்ணை உங்களிட்டைத் தந்த என்வலப்."

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லையே."

தப்பியிருக்க வேண்டியவன் அகப்பட்டுக்கொண்டேன். முழுவதையும் சொன்னேன். குழாய், அரக்கு, உள்ளடக்கம். அவர் பேனையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். நான் வெங்காயத்துக்கு எவ்வளவு பசளை போடவேண்டும் என்று யோசித்தேன்.

"அப்ப இண்டைக்கு அது உம்மட்டை இல்லை?"

"இல்லை சேர்."

"அப்பிடியோ. அப்ப ஓட்டினது மாமியில்லை."

"ராகுகாலம் பாத்தவனை நீங்கள் நிப்பாட்டினீங்கள் எண்டு..." என்று இழுத்தேன்.

"ராகுகாலம் பாத்ததுக்கில்லை, காணும். அவன் ஒரு பிளேன் நிறையச் சனத்தை வெயிலிலை அவிய விட்டவன். குழந்தை ஒண்டு மயங்கினது. நீர் ஆரையும் காக்க வைச்சனீரோ?"

"செல்லத்துரை அண்ணையை மட்டும்."

அவர் மறுபடி பேனையை எடுத்தார். கையெழுத்து வைத்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போனார். அதில் நான் கப்டனாக ஓட்டத் தகுதியானவன் என்று இருந்தது. வாசித்து முடிய என் நாரி உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வந்து இறங்க, செல்லத்துரையர் வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "தம்பி, குறை நினையாதையும்" என்று தொடங்கினார்.

நடந்தது இதுதான். அன்று உறையைக் கொடுக்கத்தான் அவர் விமானத்தடிக்குப் போயிருக்கிறார். போன இடத்தில், தன் வீட்டு றேடியோவுக்குக் கொழும்பில் ஒரு வால்வு வாங்கி வரமுடியுமோ என்று சவிரிமுத்தரைக் கேட்டிருக்கிறார். எந்தக் காலத்து றேடியோ என்று அவர் கேட்க, இவர் சொல்ல, அவர் சிரித்திருக்கிறார். அந்தக் கதையில் இவர் உறையை மறந்துபோனார். அது அவருடைய காக்கிக் களிசான் பையில் கிடந்து, பின்னேரம் சாவகச்சேரி பஸ்ஸில் போய், மறுநாள் களிசானோடு சேர்த்துச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கப்பட்டது. உறை கரைந்துபோக, வெள்ளிக் குழாய் மட்டும் அரக்கு உடையாமல் என் கைக்குத் திரும்பியது; உள்ளே என்ன என்பது இன்றும் மாமிக்குத்தான் தெரியும்.